செலவுக் கணக்கு

யாட்விகா அந்தக் கொட்டகையைக் கட்ட
பதினோரு சனிக்கிழமைகள் ஆயின.
வூட்ஜ் நகரத்தில், டிராம் திரும்பும் வளைவுக்குப் பின்னால்
எங்கள் துண்டு நிலங்கள்.
அவளுடையது நாற்பத்தேழு, என்னுடையது நாற்பத்தெட்டு.
நடுவில் ஒரு ராஸ்பெர்ரிப் புதர்;
யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை.

ஓட்டுக் கிடங்கு வாசலில் கிடந்த மரப் பேலட்டுகளில்
ஒன்பதைக் கேட்டு எடுத்தாள்,
இரண்டைக் கேட்காமல்.
ஆணிகளைப் பிடுங்கித் தண்டவாளத் துண்டில் வைத்து
ஒவ்வொன்றாய்த் தட்டி நிமிர்த்தினாள்.
நிமிராதவற்றைத் திட்டினாள்.
கதவுக்குக் கீல் வேண்டும்.
விவாகரத்தில் மறந்துபோன தோல் இடுப்புவாரை
இரண்டாய் வெட்டி அறைந்தாள்.
"அந்த மனுஷன் விட்டுப்போனதிலேயே
வளையத் தெரிந்தது இது ஒன்றுதான்" என்றாள்,
வாயில் மூன்று ஆணிகளோடு.

இடித்த நூற்பாலை விடுதியின் சன்னல்கள்
நாற்றுகளுக்குக் கூரையாயின.
தயிர்க் கோப்பைகளில் தக்காளி,
கிழிந்த நைலான் காலுறையில் கட்டிய தண்டுகள்.
மே பதினைந்து, குளிர் சோஃபியாவின் நாள்,
அது கழியும்வரை ஒரு கோப்பையும் வெளியே வராது.
என்னுடையவை பன்னிரண்டாம் தேதி வெளியே போயின,
பதிமூன்றாம் தேதி கருகின.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறு நாற்று கொடுத்தாள்.
கோப்பைகளை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் அந்தச் சுவரை.
பழைய மேசைப் பலகை ஒன்று,
மிச்சப் பெயின்ட்டில் நீலமாய் வரைந்த வெளிக்கோடுகள்:
மண்வெட்டிக்கு மண்வெட்டி வடிவம்,
கத்தரிக்குத் திறந்த கத்தரி,
வாளிக்கு ஒரு வட்டம்.
கீழே மணல் நிரப்பிய தகரம்,
கார் எஞ்சினின் பழைய எண்ணெய் அதில் ஊறியிருக்கும்;
வேலை முடிந்ததும் கரண்டியை அதில் குத்தி எடுத்தால்
துரு அண்டாது.
எதை யார் எடுத்தாலும்
அந்த இடம் நீலமாய் வெறித்துக்கொண்டு நிற்கும்.
கைமுள்கரண்டியின் இடம்
போன ஜூன் முதல் வெறித்துக்கொண்டிருந்தது.
என் வீட்டுப் பால்கனியில் இருந்தது அது.
நான் அந்தக் கொட்டகைக்குள் போவதையே நிறுத்திவிட்டேன்.

கதவின் உட்புறம் பென்சிலில் கணக்கு.
மரம்: இல்லை. ஆணி: இல்லை. கண்ணாடி: இல்லை, விரலில் நாலு தையல்.
திருகாணி ஒரு பொட்டலம்: ஆறு ஸ்லோட்டி.
பூட்டு: அறுபத்து மூன்று.
சங்கத்துக் காவலர் ஸெனோன்தான் வற்புறுத்தினார்.
நல்ல பூட்டு, பித்தளை,
மழைக்கு ஒரு ரப்பர் மூடிகூட உண்டு.
"உள்ளே இருப்பதை எல்லாம் சேர்த்தாலும்
இதன் விலைக்கு வராது" என்று
ஒவ்வொரு முறை பூட்டும்போதும் முனகுவாள்.

அக்டோபரில் திருடன் வந்தான்.
மண்வெட்டி அப்படியே. கத்தரி அப்படியே.
வாளி, குழாய்ச் சுருள், வெங்காயச் சரம், எல்லாம் அப்படியே.
பூட்டை மட்டும் கொண்டுபோயிருந்தான்.
கதவைச் சாத்திவிட்டும் போயிருந்தான்,
கோழிகள் நுழைந்துவிடக் கூடாதென்று போலும்.
யாட்விகா வெகுநேரம் சிரித்தாள்,
பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.
"சரக்கு தெரிந்தவன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு
அவள் வருவதற்குள் போய்விடலாமென்று
கைமுள்கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன்.
கதவு சும்மா திறந்தது, இடுப்புவார் முனகியது.
நீலக் கோட்டுக்குள் கரண்டியை மாட்டினேன்.
சரியாகப் பொருந்தியது; வெட்கமாக இருந்தது.
பக்கத்தில் புதிதாய் இன்னொரு வடிவம்:
சின்ன உடல், மேலே ஒரு வளைவு,
நடுவில் சாவித்துளைக்கு ஒரு புள்ளி.
அதற்கும் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாள்,
நிமிர்த்திய ஆணி.

தொட்டுப் பார்த்தேன். காயவில்லை.
டிராமில் வீடு திரும்பும்வரை
கட்டைவிரலைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.