பிழை: பூச்சியம்

மார்க்கம் றோட்டும் லோறன்சும் சந்திக்கிற இடத்தில்
சிவப்பு விளக்குக்கு நின்றேன்.
நின்றேன் என்பதை
இதுவரை நான்கு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
பெப்ரவரி பதினொன்று, காலை ஆறு நாற்பது.
மிசிஸ் டொயிலை முழுகவார்க்கப் போகிற வழி.
கால் பிறேக்கில். கோப்பி இன்னும் மூடி திறக்காமல்.

பின்னாலிருந்து வந்தது.

சுவர்ப்பலகை ஏற்றிய பிக்கப்.
இறங்கி வந்த பெடியனுக்குப் பத்தொன்பது இருக்கும்,
ஜெரோம் என்று பேர், மாமாவின் வண்டியாம்.
சொறி சொறி என்று சொல்லிச் சொல்லியே
என் பின்விளக்கின் சிவப்புத் துண்டுகளை
வெறுங்கையால் பனிக்குள்ளிருந்து பொறுக்கினான்,
ஒட்டிவிடலாம் என்பதுபோல.
பிறகு கடுதாசித் துவாயில் சுற்றி
என் கையில் தந்தான்.

மார்ச்சில் கொம்பனி எழுதியது:
உங்கள் பிழை, பூச்சியம் வீதம்.
குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினேன்,
மகளின் கணக்குப் பேப்பருக்குப் பக்கத்தில்.
அவளுக்குத் தொண்ணூற்றொன்று.
எனக்குப் பூச்சியம்.
வீட்டில் இரண்டு கெட்டிக்காரர்.

செப்ரெம்பரில் அடுத்த கடிதம்.
மாதம் இருநூற்றுப் பதினெட்டாக இருந்தது
இருநூற்றெண்பத்தாறு.

புறோக்கர் நிமலரூபனுக்கு எடுத்தேன்.
கல்யாணவீட்டு வாசலில் நின்று
வரவேற்கிறவர் மாதிரி எப்போதும் ஒரு குரல்.
"அக்கா, உங்கடை பிழை இல்லை."
தெரியும்.
"அதுக்காக ஏத்தவும் இல்லை. சட்டம் விடாது."
அப்ப?
"எல்லாருக்கும் கொஞ்சம் ஏறியிருக்கு.
உங்கடை தபால் குறியீடு ஒண்டு.
கார்க் களவு ஒண்டு.
பிறகு, கோரிக்கை இல்லாதவைக்கு ஒரு கழிவு தந்தவையெல்லே,
அது இனி வராது."
கோரிக்கை வைக்க வைச்சது அவனெல்லே?
"ஓமக்கா. ஆனா உங்கடை பேரிலயும் ஒரு ஃபைல் திறந்திட்டினம்.
திறந்தது திறந்ததுதான்."

கேட்டபடியே உறையின் பின்பக்கத்தில் கழித்தேன்.
அறுபத்தெட்டு.
பன்னிரண்டால் பெருக்க எண்ணூற்றுப் பதினாறு.
மிசிஸ் டொயிலை
இன்னும் முப்பத்தேழு தரம் முழுகவார்க்க வேண்டும்,
வரி கழிக்காமல் பார்த்தால்.

நிமலரூபன் பிழையில்லை.
கடிதத்தை அச்சடித்த மெசின் பிழையில்லை.
எம்-ஒன்-ஜே,
அந்த மூன்று எழுத்துக்குள் குடியிருக்கிற நாங்கள் எல்லாரும்
விடியவிடிய வேலைக்குப் போவதைத் தவிர
என்ன பிழை செய்தோம்?

ஒரு சொல் நாக்கில் கிடந்து உருண்டது.
பிழை என்றால் குற்றம்.
பிழைத்தேன் என்றால் உயிரோடிருக்கிறேன்.
இந்தக் காரை ஓட்டித்தான் பிழைப்பு.
இத்தனை வயதுக்கு இவை மூன்றையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.
சொல்ல நினைத்தேன்:
தம்பி, பிழைக்கு இல்லை,
பிழைத்ததுக்குத்தான் காசு கேட்கிறார்கள்.

"வேறை கொம்பனி பாப்பமோ அக்கா?" என்றார்.
பாருங்கோ என்றேன்.
பார்த்தார்.
ஒன்று முந்நூற்றுப் பத்து. மற்றது அதற்கும் மேல்.
இருந்ததிலேயே இருந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் சிவப்பில் நின்றால்
முன்னால் பார்ப்பதில்லை, கண்ணாடியில் பார்க்கிறேன்.
பின்னால் வருகிறவன் நாடியைச் சொறிகிறானா,
ஃபோனைக் குனிந்து பார்க்கிறானா.
முன்காருக்கும் எனக்கும் நடுவில்
ஒரு கார் நுழைகிற இடம் விடுகிறேன்.
அந்த இடத்துக்கு வாடகை கட்டுகிறவள் போல
நெஞ்சை நிமிர்த்தி இருக்கிறேன்.

போன வியாழன் அதே சந்தி.
பஸ் தரிப்பில் ஜெரோம் நின்றான்,
காலடியில் ஆயுதப் பை, கையில் பஸ் அட்டை.
பிக்கப் என்னாயிற்று என்று கேட்க
கண்ணாடியைப் பாதி இறக்கினேன்.
வாய் வரவில்லை.

அவன் முதலில் என் பின்விளக்கைத்தான் பார்த்தான்.
பிறகு என்னை.

பிறேக்கை ஒருமுறை விட்டு
மறுபடி அழுத்தினேன்,
எரிகிறது என்று காட்ட.