முன் கியர்

எட்டு வயதில் டிராக்டரில் ஏறியவன் ஹின்னெர்க்,
எழுபத்தொன்றிலும் இறங்கவில்லை.
கொட்டகையில் பத்து நிற்கின்றன;
ஓல்டன்பர்க் மழையில் என் கார்.

லான்ஸை எழுப்புவது பெரும்பாடு.
ஊதுவிளக்கால் மூக்கைப் பழுக்கக் காய்ச்சி,
ஸ்டியரிங்கையே பிடுங்கிப்
பக்கச் சக்கரத்தில் செருகி ஆட்டவேண்டும்.
சில நாள் எஞ்சின் தலைகீழாகச் சுற்றும்;
முன் கியர் போட்டால் பின்னால் போகும்.

அப்படித்தான் ஒரு மே மாதம்
என் முட்டைக்கோஸ் பாத்தி, வேலி எல்லாம் கடந்து
ஃபோல்கெர்ட்டின் பன்றித்தொட்டியில் போய் நின்றான்,
முகம் மட்டும் நேரே எங்கள் வீட்டைப் பார்த்தபடி.

ஃபோல்கெர்ட் சத்தம் போடவில்லை.
பூட்டிக் கிடந்த கொட்டிலைத் திறந்தான்.
"அப்பாவுடையது. முப்பது வருஷமாக மூச்சில்லை.
வேலிதான் இல்லையே இப்போது,
இழுத்துக்கொண்டு போ."

திட்டிக்கொண்டேதான்
கயிறு கொண்டுவந்தேன்.
பதினொன்று.