கம்பெனி போடாத ஒயர்

போர்வையை இழுத்தபோது
தூசியோடு ஒரு பல்லியும் விழுந்தது.
டி.என். 74, வெள்ளை எண்ணூறு.
ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில்
அஞ்சு மழைக்காலம்.

ஜெபர்சன் உடனே சாவியைத் திருகவில்லை.
அது எனக்குப் பிடித்தது.
எங்கள் வார்டிலும் முதலில் தொட்டுத்தான் பார்ப்போம்.
மீட்டர் ஊசி ரெண்டையும் பேட்டரியில் வைத்தான்:
எட்டு புள்ளி நாலு.
ஒரு பெண்ணின் ரத்தம் இந்த எண்ணில் இருந்தால்
மாத்திரை கொடுத்து
முருங்கையிலை தின்னச் சொல்லி அனுப்புவோம்.
"இது செத்தாச்சு, சிஸ்டர்" என்றான்.

பிளக் மூணையும் கழற்றி
குழிக்குள் ஒவ்வொரு ஸ்பூன் ஆயில் விட்டு
ஸ்பேனரை மாட்டிக் கையாலேயே சுற்றினான்.
முதலில் அசையவில்லை.
பிறகு நெஞ்சுச் சளி இளகும் சத்தம்.

ஏர் ஃபில்டர் மூடிக்குள் எலிக்கூடு:
சீட்டுப் பஞ்சு, கொல்லாங்கொட்டைத் தோடு,
என்றைக்கோ கண்ணாடியில் நான் சொருகிய
குருத்தோலையில் பாதி,
இன்சூரன்ஸ் தாளின் ஒரு மூலை.
"நல்லா குடும்பம் நடத்தியிருக்கு" என்றான்.

டேங்கிலிருந்து வடித்த பெட்ரோல்
சுக்குக் காப்பி நிறம்.
மோந்து பார்க்கச் சொன்னான்.
புது அலமாரிக்கு வார்னிஷ் அடித்த நாள் மணத்தது.

நடுவில் குவைத்திலிருந்து வில்பிரட்.
"யாரு நிக்கா அங்க?
வண்டியத் தொடாதேன்னு சொல்லியிருக்கேன்லா.
அது ஸ்டார்ட் ஆவாது.
இரும்புக்குப் போடலாம், நான் வரட்டு."
எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று
அப்போது தோன்றவில்லை.
ஷீட்டு மேல மழை, ஒண்ணும் கேக்கல்ல என்று
வைத்துவிட்டேன்.

கார்புரேட்டரை ஊதி, புது பெட்ரோல் ஊற்றி,
அவன் வேனிலிருந்து கேபிள் இழுத்து,
திருகினால்
சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

ஒரு பிளக்கை இன்ஜின் மேல் படுக்கவைத்துக்
குனிந்துகொண்டான். சாவி என் கையில்.
கொட்டகை இருட்டுக்குள்
நீலமாய் ஒரு பொறி தெரிய வேண்டுமாம்.
திருகினேன்.
"இல்ல."
திருகினேன்.
"இல்ல, சிஸ்டர்."

காயிலிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே
பின்னால் போனான், டாஷ்போர்டுக்கு அடியில்
மல்லாந்து, டார்ச்சைப் பல்லில் கடித்து.
ரொம்ப நேரம் பேச்சில்லை.
பிறகு, "இது கம்பெனி போட்ட ஒயர் இல்ல."

கறுப்பு டேப் சுற்றிய சிவப்பு ஒயர்.
கார்ப்பெட்டுக்கு அடியில் ஊர்ந்து
டிரைவர் சீட்டுக்குக் கீழே முடிந்தது,
வீட்டுக்கு மாட்டும் ஒரு வெள்ளைச் சுவிட்சில்.
எங்கள் குளியலறையில் இருப்பதும் அதே ரகம்தான்.
அணைந்திருந்தது.

"கள்ளனுக்குப் பயந்து சில பேரு வெப்பாவ"
என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

கள்ளன்
அஞ்சு வருஷமாய் அஞ்சரை மணி பஸ்ஸில்
கருங்கலிலிருந்து மார்த்தாண்டம் போனாள்.
நைட் டூட்டி முடிந்து
கம்பியைப் பிடித்தபடி தூங்கி
ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினாள்.
போன மாசம் யாரிடமும் சொல்லாமல்,
ரிவர்சில் ஒருமுறை தோற்று,
லைசென்ஸ் எடுத்தாள்.

சுவிட்சை நானே தட்டினேன்.
சின்னச் சத்தம்தான்.
சாவி. இருமல். இன்னொரு இருமல்.
பின்னால் வெள்ளைப் புகை கொட்டகை நிறைய,
கதவடியிலிருந்து எலி ஒன்று
வீட்டுக்காரி மாதிரி நின்று முறைத்துவிட்டு ஓட,
பிடித்துக்கொண்டது.

"அந்தச் சுவிட்ச வெட்டி எறிஞ்சிரட்டா?"
இன்ஜினுக்கு மேல் கத்தினான்.

வேண்டாம் என்றேன்.
கிறிஸ்மசுக்கு வருகிறார்.
வந்த அன்றே சாவியைக் கேட்பார்.

"வேற எடத்துக்கு மாத்த முடியுமா?"

அப்போதுதான் ஜெபர்சன் என்னை நேராகப் பார்த்தான்.
பையில் கைவிட்டு டேப்பைத் தேடினான்.

"எங்க வெக்கணும்?"