காட்டத் திரை இல்லை

லோம்விகி கப்பலில், மழைக்கோட்டு மாட்டும் ஆணிகளுக்குக் கீழே
ஒரு கணினி இருக்கிறது.
திரை கிடையாது. விசைப்பலகை கிடையாது.
இரண்டு பச்சைப் பொட்டும் ஒரு மின்விசிறி இரைச்சலும், அவ்வளவுதான்.
கரை சேரும் நேரத்தைக் கணக்கிட்டு
பயணிகள் கூடத்துப் பலகைக்கு அனுப்பும்.

அந்தக் கணக்கு நான் எழுதியது.
பிப்ரவரி முழுக்க
நான் எழுதியதைவிடச் சரியாக இருந்தது.
அதுதான் பிரச்சினை.

தோர்ஸ்ஹவுனில் விடிய மனமில்லாத ஏழு மணி.
கதவு தட்டத் தெரியாத விருந்தாளியாய்
காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருக்க
டெர்மினலைத் திறந்து
கடலில் இருக்கும் கப்பலுக்குள் நுழைந்தேன்.
வரலாற்றைக் கேட்டேன்.
ஒன்றன்கீழ் ஒன்றாக ஒப்பித்தது, மளிகைக் கணக்கு மாதிரி.
எது எதிலிருந்து பிரிந்தது என்று சொல்லவில்லை.
வற்புறுத்தினால் சொல்லும்:
நட்சத்திரமும் சாய்கோடுமாய் ஒரு வேலி போடும்.
எனக்குக் கண் வலிக்கும்.

படம் வேண்டும் எனக்கு.
நாலே எழுத்து: கிட், அதன் வாலில் ஒரு கே.
எண்டர்.
காட்ட என்னிடம் திரை இல்லை
என்றது கப்பல்.

நியாயம்தான்.
வெளியே வந்து மறுபடி நுழைந்தேன்,
இந்தத் தடவை ஒரு பெரிய எழுத்தையும் கூட்டிக்கொண்டு.
அங்கே ஓடு, இங்கே வரை,
என் கண்ணைக் கடன் வாங்கிக்கொள் என்று அதற்குப் பொருள்.

ஜன்னல் வந்தது. வந்தது என்று ஒரே சொல்லில் சொல்லக் கூடாது.
முதலில் ஒரு சாம்பல் சட்டம்.
கெட்டில் கொதித்து அடங்கியது.
அப்புறம் ஒரு பொத்தான், எழுத்தில்லாமல்.
அலையில் கப்பல் புரண்டபோதெல்லாம்
கோடுகள் பாதியில் நின்று மூச்சு வாங்கின.
நீலம் ஒன்று இறங்கியது: நான்.
அதன் விலாவில் வளைந்து உடனே திரும்பிய சிவப்பு:
பூயி, விடுமுறைக்கு முந்தின நாள்.
பிறகு வலது ஓரத்தில் ஒரு பச்சை.
அதன் நுனி எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க
இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது,
நாற்பத்தொரு புள்ளி,
நவம்பரில் என் கமிட் ஒன்றில் போய் வேர்விட்டது.

ஹெக்னி, இயந்திர அறை.
ஒரே ஒருமுறை போனில் கேட்ட குரல்:
உங்கள் கணக்குக்கு நீரோட்டம் தெரியாது.
புகார்ப் படிவம் நிரப்பி அனுப்புங்கள் என்றிருந்தேன்.

புள்ளி புள்ளியாய்ச் சொடுக்கினேன்.
"முழு நிலவு. ஏழு நிமிடம் கூட்டினேன்."
"தென்கிழக்குக் காற்று. ஏழு போதாது. பதினொன்று."
"நேற்றுப் போட்டது தப்பு. ஒன்பது."
"டயாலிசிஸுக்குப் போகிற பெண் ஒருத்தி
பலகையைப் பார்த்துத்தான் வண்டிக்குச் சொல்கிறாள். பிசகக் கூடாது."
அதன் நேரம் அதிகாலை மூன்று பத்து.

இணைத்துவிடலாம் என்று டெர்மினலுக்குத் திரும்பினால்
அது பேசவில்லை.
கட்டளையின் கடைசியில், கால் மடித்து உட்கார்ந்த அந்தக் குறியைப்
போட மறந்திருந்தேன்.
போட்டிருந்தால் ஜன்னல் தன்பாட்டுக்கு இருக்கும்,
டெர்மினல் அடுத்த வேலைக்கு வந்திருக்கும்.
போடாவிட்டால்
நான் பார்த்து முடிக்கும்வரை வாய் திறக்காது.
எண்டர் தட்டினேன். வெற்று வரி.
இன்னொன்று.

நான் முடித்திருக்கவில்லை.
இருபத்தெட்டாவது புள்ளி:
"ரன்வா பார்த்தால் திட்டுவாள். பார்க்கட்டும்."

மடிக்கணினியை மூடாமல் கோட்டை மாட்டினேன்.
என் கணக்குப்படி லோம்விகி வருவது எட்டு ஆறுக்கு.
பலகை எட்டேகால் என்கிறது.

எட்டேகாலுக்குத் துறையில் நின்றேன்.
கயிறு விழுந்துகொண்டிருந்தது.