ஒரு நாட்டை மட்டும் தேர்ந்தெடுக்கவும்

ஓர்லியான், பிப்ரவரி.
டிராம் கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால்
எங்கள் ஆய்வுக்கூடம்.
லுவார் ஆற்றின் மணல்திட்டுகள் மூழ்கிக் கிடக்கிற மாதம்.

நம்குங் யூன் பெட்டியைத் திறக்கிறாள்.
கறுப்பு நுரைப்பஞ்சில் பத்தொன்பது குழிகள்,
பத்தொன்பது கண்ணாடி மணிகள்.
பெரியது மிளகளவு. சிறியது கேழ்வரகு.
தும்மிவிடாதே, என்கிறாள் பிரெஞ்சில்.

கியோங்ஜுவில் ஒரு புல்மேட்டுக்கு அடியில்
யாரோ ஒருத்தியின் கழுத்தில் கிடந்தவை.
கழுத்து போயிற்று, நூலும் போயிற்று.
ஆயிரத்து ஐந்நூறு வருஷம்
வரிசை மாறாமல்
மண்ணைக் கோத்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

அவள் நாட்டுக்கு அன்றைய பெயர் சில்லா.
சில்லு என்றால் எங்களுக்கு உடைந்த துண்டு, என்றேன்.
ஷில்லா, என்று திருத்தினாள்.
சிரிக்கவில்லை.

ஒத்த ஒலிகளில் எனக்கும் நம்பிக்கை குறைவுதான்.
சார்செல்லில் இருக்கும் சின்ன மாமனார்
வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்:
அம்மா அங்கேயும் அம்மாவாம், அப்பா அங்கேயும் அப்பாவாம்,
கப்பலேறிப் போன நம் இளவரசி
அங்கே ராணியாம்.
கடைசியில் கைகூப்பிய படம் மூன்று.
பால் குடிக்கிற வாய் எந்தக் கரையிலும்
உதட்டைத்தானே முதலில் மூடித் திறக்கும்.
இதை அவருக்கு நான் எழுதியதில்லை.

ஆனாலும் பந்தயம் கட்டினேன், ஒரு காப்பிக்கு.
ஏழாம் மணி எங்களுடையது.
செங்கல் சிவப்பு, ஒளி புகாதது, கொஞ்சம் கோணல்.
அரிக்கமேட்டில் இப்படித்தான் கிடைக்குமாம்.
'மாம்' ஏனென்றால் நான் போனதில்லை,
சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் பிறந்தும்.
அப்பாவின் அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தா.
அந்த ஒற்றை நூலில் கோத்து
நாங்கள் பதினொரு பேர் இங்கே வந்து சேர்ந்தோம்.

மத்தூரின் லேசரைக் குறிவைத்தான்.
தலைமயிர் அகலம்,
அதுகூட இல்லை. பார்வைக்கு எட்டாத புகை.
ஆர்கான் அதை இழுத்துப் போனது.
திரையில் கோடுகள் மலைமலையாக எழுந்தன.

மணியின் பேச்சில் உறவுப்பெயர் கிடையாது.
சோடியம் என்கிறது. சுண்ணாம்பு என்கிறது.
எந்த மணலை எந்தச் சாம்பலோடு உருக்கினார்கள் என்கிறது.

ஏழில் பொட்டாசியம், நிறைய.
கிழக்கே இன்னும் தள்ளி, வேறொரு கடல்.
மூன்றில் பாரசீகப் பக்கத்துச் செடிச்சாம்பல்.
பதினாறு, யவனர் கரையிலிருந்து.
நான் ஒரு பொருட்டாகவே மதிக்காத பன்னிரண்டு,
மங்கிய பச்சை, விளிம்பு உடைந்தது,
அதில்தான் அலுமினியம் ஏறிப்போய் நின்றது.
தென்னிந்தியா, அல்லது இலங்கை, என்றான்.
அல்லது அந்த மணலைப் போல வேறொரு மணல்.
எந்த ஊர்?
ஊர் மணலுக்குத் தெரியாது, அமலோ.

என் முழுப்பெயர் அமலோற்பவம்.
அது அவன் வாயில் நுழைவதில்லை.

கோத்தவளை நினைத்தேன்.
ஏழும் பன்னிரண்டும் அவளுக்கு ஏது?
சிவப்புக்குப் பக்கத்தில் இந்தப் பச்சை எடுபடுமா என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருப்பாள்.
நூல் நுனியை உதட்டில் நனைத்து
பாரசீகத்தை நுழைத்தாள், தள்ளினாள்,
அடுத்து எங்களை.
ஓட்டை குறுகின ஒன்றைத் திட்டியுமிருப்பாள்.

மாலை, சுங்கப் படிவம்.
பொருள்: கண்ணாடி மணி. எண்ணிக்கை: பத்தொன்பது.
தோன்றிய நாடு?
இறங்கி இறங்கி வருகிற பட்டியல்
ஒன்றைத்தான் தொடவிடுகிறது.
யூனின் விரல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
கொரியா, என்று அமுக்கினாள்.
நியாயம்தான்,
இத்தனை காலம் குடியிருந்த வீட்டை
வேறு என்னவென்று எழுதுவது.

ஒவ்வொரு மணிக்கும் இப்போது இரண்டு துளை.
பழையது நூலுக்கு.
புதியது நாங்கள் போட்டது;
மறுபக்கம் போகாது, எந்த நூலும் நுழையாது.

காப்பி என் செலவு.
இயந்திரம் எழுபது சாந்தீம் கேட்டது.
சர்க்கரை வேண்டாமாம் அவளுக்கு.