விட்ட மூச்சு

என்னை எழுப்பியது சத்தமல்ல.
ஒரு சத்தம் நின்றுபோனதுதான்.

நூற்றுப் பன்னிரண்டு நாளாகக்
காதுக்குள் குடியிருந்த இரைச்சலில்
ஓர் இழை மட்டும் அறுந்திருந்தது.
விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல்
தூக்கப்பையைத் திறந்துகொண்டு தேடினேன்.

லெயோனோரின் அறைக் காற்றாடி.

அறை என்பது பெரிய வார்த்தை, அது ஓர் அலமாரி.
சுவரில் கட்டிய பைக்குள்
கைகள் இரண்டும் முன்னால் மிதக்க,
யாரிடமோ எதையோ வாங்கிக்கொள்ள நீட்டியவள்போல்
தூங்கிக்கொண்டிருந்தாள்.
குறட்டை இல்லை.
லிஸ்பனில் கணவனை அடுத்த அறைக்குத் துரத்திய குறட்டை
இங்கே வந்ததும் நின்றுவிட்டது என்பாள்.
நாக்கு தொண்டைக்குள் சரிந்து விழக்
கீழே என்று ஓர் இடம் வேண்டும் அல்லவா.

பூமியில் விட்ட மூச்சு
வெதுவெதுப்பாய் இருக்கிற ஒரே தகுதியில்
மேலேறிப் போய்விடும்.
யாரும் அதை வழியனுப்பியதில்லை.
இங்கே வெப்பத்துக்கு ஏறத் தெரியாது.
விடுவது வேறு, போவது வேறு.
விட்டது மூக்கின் முன்னாலேயே
கண்ணுக்குத் தெரியாத பூசணியாய் உருண்டு நிற்கும்.
அதையே மறுபடி இழுக்கிறாள்.
வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிறவள் மாதிரி.
பூசணி பருக்கிறது.
அவள் நெற்றி சுருங்குகிறது.

எழுப்பியிருக்கலாம்.
எழுப்பத்தான் வேண்டும் என்கிறது விதி.
ஏழு மணி நேரம் வெளியே,
உறைந்த குழாயோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவள்.

பராமரிப்புக் கையேட்டின் அட்டை கிடைத்தது.
விசிறினேன்.
நான்தான் பின்னால் போனேன்.
கால்விரல்களைக் கம்பியில் மாட்டிக்கொண்டு
மறுபடி விசிறினேன்.

மியூனிக் பக்கம் இரவுப் பணியில் இருந்த வீப்கே
காதில் கேட்டாள்:
"ஐவார்ஸ், தூங்குகிற நேரத்தில் ஏன் நாடி ஏறுகிறது?"
"விசிறுகிறேன்."
"என்ன?"
"லெயோனோருக்கு. விசிறுகிறேன்."
அந்தப் பக்கம் சற்று நேரம் மூச்சே இல்லை.

இடது கையால் விசிறிக்கொண்டே
வலது கையால் மூடியைக் கழற்றினேன்.
இங்கே தொலைந்தது எதுவும் தரையில் கிடக்காது,
காற்று போகிற வழியில் போய்
வலையில் ஒட்டிக்கொள்ளும்.
ஒட்டியிருந்தது ஒரு காலுறை.
சாம்பல் நிறம், குதிகாலில் ஓட்டை.
என்னுடையது.
திணறித் திணறிப் பார்த்த இயந்திரம்
தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருந்தது.

காலையில் அவள் தலைவலியோடு வந்தாள்.
முறைப்படி மூக்கில் கிளிப், வாயில் குழாய்.
ஊரில் நுரையீரலின் உச்சிக்கு ஏறச்
சோம்பல்படுகிற இரத்தம்
இங்கே ஏறக்குறைய எங்கும் சமமாய்ப் பரவியிருப்பதைத்
திரையில் கோடாகப் பார்த்துக் குறித்துக்கொண்டோம்.
பிறகு காப்பி.
போன வாரம் அவள் விட்ட ஈரமும் நான் விட்ட ஈரமும்
குளிர்ந்த தகட்டில் படிந்து, வடிந்து, சுத்தமாகி
இந்தப் பையில் இருக்கிறது.
உறிஞ்சினாள்.
"ராத்திரி யாரோ என் முகத்தில் ஊதிக்கொண்டே இருந்ததாகக் கனவு."
"காற்றாடி கொஞ்சம் கோளாறு, சரிசெய்துவிட்டேன்."
காலுறை பற்றி நான் மூச்சு விடவில்லை.

டிசம்பரில் இறங்கினோம்,
கஜகஸ்தானில், பனி உறைந்த புல்வெளியில்.
தூக்கி நாற்காலிகளில் வைத்தார்கள்.
விலா எலும்பு ஒவ்வொன்றுக்கும் எடை திரும்பியிருந்தது.
நனைந்த கம்பளியை உள்ளிருந்து தூக்குவதுபோல்
ஒவ்வொரு மூச்சும்.

பக்கத்து நாற்காலியில் லெயோனோர்.
அவள் வாயிலிருந்து வெள்ளையாய் ஒன்று வந்தது,
கொஞ்சம் தயங்கியது,
மேலே போனது.
யாரும் விசிறவில்லை.
அடுத்ததும் போனது.
அதற்கடுத்ததையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
போர்வையோடு வந்த செவிலி அய்ஜமால்
எனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

அப்போதுதான் காலுறையைப் பற்றிச் சொன்னேன்.
சிரிக்க லெயோனோருக்கு மூச்சு போதவில்லை.
இருந்ததை எல்லாம் சிரித்தாள்.