இருபத்தேழாம் கேள்வி

லெசோத்தோவின் மொகோட்லாங் மலைக்கு
ஆகஸ்ட் பனியில் ஏறினோம்,
அறுபத்திரண்டு கேள்விகளைப்
பத்து வீடுகளில் கேட்டுப் பார்க்க.
மசேருவில், கணப்புள்ள அறையில்
ஒவ்வொன்றும் எனக்குத் தெளிந்த நீராய் இருந்தது.

முதல் வீட்டிலேயே ஒன்பதாவது விழுந்தது.
"மருத்துவமனை அருகில் இருக்கிறதா,
அங்கே நன்றாகக் கவனிக்கிறார்களா?"
"ஆமாம், இல்லை" என்றார் மாலினேயோ.
ஒரே கல்லில் இரண்டு மாங்காய்க்கு ஆசைப்பட்டவன்
கட்டம் ஒன்றுதான் வரைந்திருந்தேன்.

"கடந்த பன்னிரண்டு மாதங்களில்
உண்ணாமல் உறங்க நேர்ந்ததுண்டா?"
பக்கத்து வீட்டுக்காரி சாண அடுப்பில்
கைகாய்ச்சிக்கொண்டிருந்தாள்.
"இல்லை."
அவள் எழுந்து போகும்வரை பொறுத்திருந்து
மொழிபெயர்க்க வந்த மொலெஃபி
தாளைப் பார்க்காமலே கேட்டான்:
"நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள்?"
சட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.
எட்டிப் பார்த்தேன்.
எழுத எதுவும் இல்லை அதற்குள்.

ஒன்று முதல் ஐந்துவரை அளந்து சொல்ல
வாசலில் ஐந்து கற்கள் பொறுக்கி வைத்தோம்.
மகள் லினேயோ ஒன்றை எடுத்துக்கொண்டு
நாயை விரட்ட ஓடிவிட்டாள்.
அன்று முழுக்க அந்த மலையில்
'மிகவும் திருப்தி' கிடைக்கவில்லை.

பிறகு இருபத்தேழு.
"குடும்பத் தலைவர் யார்?"
மாலினேயோ கதவைப் பார்த்தார்.
கணவர் எல்லை தாண்டித் தங்கச் சுரங்கத்தில்;
பணம் வருகிற மாதமும் உண்டு.
ஆட்டை விற்க மாமியார் சொல்ல வேண்டும்.
கூட்டத்தில் கையெழுத்துப் போடுவது கொழுந்தன்.
"விறகும் தண்ணீரும் நான்.
என்னை எங்கே எழுதுவீர்கள்?"
கட்டம் புளியங்கொட்டை அளவு.

இரவு, மண்ணெண்ணெய் விளக்கில்
'தலைவர்' என்ற சொல்லை அடித்தேன்.
அதற்கென்றே அட்டவணையில்
இடம் ஒதுக்கியிருந்தேன், அதையும் அடித்தேன்.
நாலைந்து தாள் கசங்கியபின் நின்றது ஒரு வரி:
"ராத்திரியில் கதவைத் தாழிடுபவர் யார்?"
சின்னக் கேள்வி. ஒரே பொருள்.
எந்தப் பக்கமும் சாயவில்லை.
கொஞ்சம் கர்வத்தோடுதான் படுத்தேன்.

விடிந்ததும் மாலினேயோவிடமே போனோம்.
கேட்டதும் சிரித்துவிட்டார்.
ஜூன் மாதக் காற்றில் தாழ் பெயர்ந்துவிட்டதாம்.
உள்ளிருந்து ஒரு பாறாங்கல்லை நகர்த்தி
முட்டுக் கொடுக்கிறார்களாம்.
"யார் நகர்த்துவது?"

"யாருக்குக் கடைசியாகத் தூக்கம் வருகிறதோ
அவர்."

மொலெஃபி என்னைப் பார்த்தான்.
நான் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.